திறந்து கிடந்த மைக்

விமான நிலைய ரேடார் அறையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் டீச்சர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை என்றாலும் விஷயம் அவள் காதுக்கு என்றைக்கோ வந்துவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பெயருக்குக் காரணம் உண்டு. தரையிலிருந்து ஓர் உத்தரவு போனால், வானத்தில் இருக்கும் விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் சொல்வதைத் தரையில் இருப்பவர் காதுகொடுத்துக் கேட்டு, பிசகு இருந்தால் அங்கேயே திருத்த வேண்டும். இந்தத் தொழிலில் பாதி இதுதான். மற்றவர்கள் இதைச் செய்தார்கள். டீச்சர் இதிலேயே குடியிருந்தாள். வீட்டில்கூட விடமாட்டாள். "வரும்போது பால் வாங்கிட்டு வாங்க" என்று கணவரிடம் போனில் சொல்லி, அவர் "சரி" என்றால் போதாது. "என்ன சரி?" என்பாள். "பால். ரெண்டு பாக்கெட். ஏழு மணிக்குள்ள" என்று அந்த மனிதர் அலுவலகத்தில் நாலு பேர் நடுவில் ஒப்பித்தால்தான் போனை வைப்பாள். மகள் இன்னும் கெட்டிக்காரி. "படிம்மா" என்றால், "படிக்கிறேன், கணக்கு, மூணாவது பாடம், முடிச்சதும் சொல்றேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு டிவியைப் போட்டுக்கொள்வாள்.

அறை வைத்த இன்னொரு பெயர் மாப்பிள்ளை. ஆளை யாரும் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு நூற்று நாற்பது, நூற்று ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு வரும் விமானத்தின் கேப்டன். கொஞ்சம் சுற்றிவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டால் போதும், பெண் வீட்டில் காபி கொடுக்கத் தாமதித்த மாதிரி ஒரு முறுக்கு முறுக்கிக்கொள்வார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் டீச்சருக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. அன்றைக்கு அவள் கையில் பதினோரு விமானம். மாப்பிள்ளை ஒரே உத்தரவை, "திரும்பச் சொல்லுங்க" என்று மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை அவளுக்குப் பொறுமை போய்விட்டது. ஷிப்ட் முடிந்ததும் உட்கார்ந்து நாலே வரியில் ஒரு புகார் எழுதினாள். கேப்டன் கவனக்குறைவாக இருந்தார், ஒன்றையே மூன்று முறை சொல்ல வேண்டியதாயிற்று. ஏன் கேட்டார் என்று அவள் விசாரிக்கவில்லை. எழுதி முடித்து வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினாள். விமானக் கம்பெனி அவரை ஒரு வாரம் பயிற்சிக்கு அனுப்பியது என்று பிறகு கேள்விப்பட்டாள். நல்லதுதான் என்று நினைத்தாள்.

அன்று முதல் மாப்பிள்ளை எதையும் திரும்பக் கேட்பதே இல்லை. அதற்குப் பதிலாக அவள் சொன்னதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வது போல, எழுத்து எழுத்தாக, ராகம் போட்டு ஒப்பிக்க ஆரம்பித்தார். சட்டப்படி ஒரு குற்றமும் சொல்ல முடியாது. மற்ற விமானிகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பதில் சொல்வது அவளுக்கே கேட்கும். ஊரெல்லாம் கேட்க ஒருவர் உங்களைக் கிண்டல் செய்தால், அதற்கு நீங்கள் தினமும் 'நன்றி' சொல்ல வேண்டியிருந்தால் எப்படி இருக்கும்? அவளுக்கு அப்படித்தான் எரிந்தது. அதற்கு அவளே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். அவர் குரல் வரும்போது ஹெட்போனை ஒரு காதிலிருந்து இலேசாக நகர்த்திவிடுவாள். கேட்காமல் இல்லை, கேட்க வேண்டிய அளவு கேட்கிறேன் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அன்றைக்கும் மணி மூன்று. ஜன்னல் இல்லாத அந்த அறையில் பகலும் இல்லை, இரவும் இல்லை, ஏசியின் இரைச்சல்தான் உண்டு. போன் பார்க்கும் ஆள் லீவு என்பதால் இன்சார்ஜே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து போன்களை எடுத்துக்கொண்டிருந்தார். டீச்சர் கையில் நாலே நாலு விமானம். மாப்பிள்ளை பத்தாயிரம் அடியில் வந்துகொண்டிருந்தார். வழக்கமாக அந்த இடத்தில் அவரை ஆறாயிரம் அடிக்கு இறக்குவாள். இன்றைக்கு ஏழாயிரம் அடியில் ஒரு சரக்கு விமானம் குறுக்கே போகிறது. அது கடக்கும்வரை மாப்பிள்ளை எட்டாயிரத்திலேயே நிற்க வேண்டும். ஆயிரம் அடி இடைவெளி, தாராளம்.

காலடியில் இருந்த பெடலை மிதித்து, "எட்டாயிரம் அடிக்கு இறங்குங்க" என்றாள்.

சரியாக அதே நொடியில் ஒரு சின்னப் பயிற்சி விமானம் அவளைக் கூப்பிட்டது. அலைவரிசை என்பது ஒற்றையடிப் பாதை. இரண்டு பேர் ஒன்றாகப் பேசினால் இரண்டு பேச்சும் செத்து, கீச்சென்று ஒரு சத்தம்தான் மிஞ்சும். பேசிக்கொண்டிருந்த டீச்சருக்கு அந்தக் கீச்சு கேட்கவில்லை. வானத்தில் இருந்தவர்களுக்குத்தான் கேட்டது. மாப்பிள்ளை பதில் சொன்னார். பயிற்சி விமானம், தன்னை யாரும் கவனிக்கவில்லையே என்று அதே நேரத்தில் மறுபடியும் கூப்பிட்டது. இந்தத் தடவை கீச்சு டீச்சரின் காதில் விழுந்தது. கீச்சின் வாலில் மாப்பிள்ளையின் விமான எண் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் என்ன உயரம் சொன்னார் என்று தெரியவில்லை. கேட்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பாள், கணவராக இருந்தால் இரண்டு தடவை கேட்டிருப்பாள். ஆனால் கேட்டால் அந்த ராகம் வரும். "எ-ட்-டா-யி-ர-ம்" என்று அந்த ஆள் இழுப்பார், நாலு பேர் சிரிப்பார்கள். இருபது வருஷம் விமானம் ஓட்டுகிறவருக்கு எட்டாயிரம்கூடவா புரிந்திருக்காது? கால் பெடலுக்கு மேலேயே நின்றது. அலைவரிசையில் யாரும் பேசவில்லை. பிறகு அவள் பயிற்சி விமானத்துக்குப் பதில் சொல்லி அனுப்பிவைத்தாள்.

"பத்தாயிரத்த விட்டு இறங்குறோம்" என்றார் மாப்பிள்ளை. எதுவரை என்று சொல்லவில்லை. எதிரே இருந்த அவருடைய விமானத்தின் காகிதச் சீட்டில் எட்டு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அவள் ஒரு டிக் போட்டாள்.

அதற்குப் பிறகும் அவர் மைக் மூடவில்லை. காகிதம் சரசரத்தது. கோப்பை வைக்கிற சத்தம் கேட்டது. யாரோ கொட்டாவி விட்டார்கள்.

"காலெல்லாம் மரத்துப்போச்சுப்பா. இந்த சீட்ட செஞ்சவன் இதுல உக்காந்தே பாத்திருக்க மாட்டான்."

இன்சார்ஜ் சிரித்துவிட்டார். "மாப்பிள்ளை மைக்க அமுக்கினபடியே இருக்கார். பொத்தான் மாட்டிக்கிச்சுபோல."

டீச்சருக்கும் சிரிப்பு வந்தது. வராமல் இருக்குமா? இன்றைக்கு அவர் முறை, ஊரே கேட்கிறது. இந்த மாதிரி எப்போதாவது நடக்கும். கைப்பிடியில் இருக்கும் பொத்தான் உள்ளே போய் வெளியே வராது. அமுக்கியவருக்குத் தெரியாது. அந்தப் பொத்தான் விடுபடும்வரை அந்த அலைவரிசையில் வேறு யாரும் பேச முடியாது, தரையில் இருப்பவர்கூட. அரை நிமிஷத்தில் அவர்களே கவனித்துவிடுவார்கள்.

"சார்" என்றது இன்னொரு குரல். துணை விமானி, அடக்கமான குரல். "அந்த உயரம் எனக்கு சரியா காதுல விழல சார். நடுவுல கீச்சுன்னு அடிச்சுது. ஒரு தடவை கேட்டுடட்டுமா?"

"இதுல கேக்க என்ன இருக்கு? தினம் இந்த எடத்துல ஆறாயிரம்தான். ஆறுன்னு நான் திருப்பிச் சொன்னேன்ல? தப்புன்னா அந்தம்மா சும்மா விட்டிருக்குமா? ஒத்த எழுத்து பிசகினா குதிக்கிற ஆளாச்சே."

டீச்சரின் சிரிப்பு நின்றுவிட்டது.

திரையில் மாப்பிள்ளையின் புள்ளிக்குப் பக்கத்தில் ஒன்பதாயிரத்து நானூறு என்றிருந்தது. சரக்கு விமானத்தின் புள்ளி ஏழாயிரத்தில், குறுக்கே, அசையாத எண்ணோடு நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டு கோடும் சேருகிற இடத்துக்கு ஒன்றரை நிமிஷம், மிஞ்சிப்போனால் ஒன்றே முக்கால்.

பெடலை மிதித்தாள். "இறங்காதீங்க! எட்டாயிரத்துல நில்லுங்க! எட்டாயிரம்!" பெடலை விட்டுக் கேட்டாள். மாப்பிள்ளை ஏதோ பேசிக்கொண்டிருந்தார். மறுபடியும் மிதித்துக் கத்தினாள். மிதித்தாலும் ஒன்றுதான், மிதிக்காவிட்டாலும் ஒன்றுதான். தன் குரல் அந்த ஹெட்போனையும் அந்த அறையையும் தாண்டவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் காலை எடுக்க முடியவில்லை.

"...உனக்குத் தெரியாதுப்பா" என்றார் மாப்பிள்ளை, அவ்வளவு பக்கத்தில், காதுக்குள்ளேயே உட்கார்ந்த மாதிரி. "மூணு மாசம் முன்னாடி நான் கேட்டேன். அன்னிக்கு என் ஹெட்செட்ல கோளாறு, பாதி பாதியாத்தான் வந்துது. சந்தேகம்னா கேளுன்னுதானே படிச்சோம்? கேட்டேன். கேட்டதுக்குப் பரிசா எழுதிப் போட்டுட்டாங்க. ஒரு வாரம் நேத்து சேந்தவன் மாதிரி பயிற்சியில உக்கார வெச்சான். என் மக கேட்டா, ஃபெயிலாயிட்டீங்களாப்பான்னு. அவளுக்கு என்ன சொல்லுவே? அதோட முடிவு பண்ணிட்டேன், அந்தம்மாகிட்ட இனிமே வாயே தொறக்கறதில்லன்னு."

ஒன்பதாயிரம்.

"கம்பெனிக்கு போன் போட்டுட்டேன்" என்றார் இன்சார்ஜ். "அவங்க காக்பிட் திரைக்கு எழுதி அனுப்பறாங்களாம். ரெண்டு மூணு நிமிஷம் ஆகும்."

"அவ்வளவு நேரம் இல்ல சார்!"

மேஜையின் அந்தக் கோடியில் இன்னொரு ரேடியோ இருந்தது, அவசரத்துக்கென்று. எல்லா விமானங்களும் தங்கள் இரண்டாவது ரேடியோவில் அந்த அலைவரிசையைத் திறந்துவைத்திருக்க வேண்டும் என்பது விதி. டீச்சர் எழுந்து ஓடினாள். ஹெட்போனின் வயர் இழுத்தது. கழுத்தோடு அவளை நாற்காலிக்கே திருப்பியது. ஹெட்போனைக் கழற்றினால் அவர்கள் பேசுவது கேட்காது. போட்டுக்கொண்டால் கை எட்டாது. இன்சார்ஜ் அந்த ரேடியோவின் கைமைக்கை வயரோடு இழுத்து, மேஜைக்குக் குறுக்கே படுத்து அவள் கையில் திணித்தார்.

மாப்பிள்ளையின் விமான எண்ணைச் சொல்லிக் கத்தினாள். "அவசரம்! இறங்கறத நிறுத்துங்க!"

ஹெட்போனில், மாப்பிள்ளையின் காக்பிட்டுக்குள்ளிருந்து, தூரத்தில் எறும்பு பேசுவது போல அவள் குரலே அவளுக்குத் திரும்பிவந்தது. போய்ச் சேர்ந்துவிட்டது!

"ரெண்டாவது ரேடியோல யாரோ கத்தறாங்க சார்" என்றார் துணை விமானி.

"அதுல எவனாவது கத்திக்கிட்டேதான் இருப்பான். சத்தத்தக் கொற. எறங்கற நேரத்துல நொய்யி நொய்யின்னு."

எறும்புக் குரல் நின்றுபோனது. எட்டாயிரத்து ஐந்நூறு. எட்டாயிரத்து நானூறு. அந்த விமானத்தில் யாரோ சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள், யாரோ குழந்தைக்கு பெல்ட் போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் எல்லோரையும் அந்த மூடிய அறைக்குள் தன்னோடு அடைத்துவைத்திருப்பது போல அவளுக்கு மூச்சு முட்டியது.

மாப்பிள்ளைக்குக் கேட்காது. சரி. கேட்கக்கூடியவர் யார்?

கைமைக்கை வாயோடு ஒட்டி, சரக்கு விமானத்தைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டாள்.

"சொல்லுங்க மேடம்" என்றது கரகரத்த ஒரு குரல். "மொத ரேடியோல அவங்க பேசறத நானும் கேட்டுட்டுத்தான் இருக்கேன். ஆறுக்கு எறங்கறேங்கறார். நான் ஏழுல இருக்கேன். அவர் எங்க?"

"உங்களுக்கு இடது பக்கம், மேல, அஞ்சு மைல்! உடனே வலது பக்கம் திரும்புங்க. ஐயாயிரத்துக்கு இறங்குங்க, எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமா!"

"வலது. ஐயாயிரம். வேகமா."

அவர் திரும்பினார். ஆனால் சரக்கேற்றிய விமானம் ஆட்டோ இல்லை, நினைத்த இடத்தில் ஒடித்துத் திரும்புவதற்கு. திரையில் புள்ளி நேராகவே போய்க்கொண்டிருந்தது போலத்தான் தெரிந்தது. ஏழாயிரம். ஆறாயிரத்துத் தொள்ளாயிரம். மேலே மாப்பிள்ளை ஏழாயிரத்து அறுநூறு. இரண்டு புள்ளிகளின் எண்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் படிக்க முடியாமல் போயின. அவளால் செய்யக்கூடியது எதுவும் பாக்கி இல்லை. கேட்பது மட்டும்தான் இருந்தது.

"மழை வரும்போல இருக்கே" என்றார் மாப்பிள்ளை.

அப்போது அவர்கள் காக்பிட்டில் ஒரு இயந்திரக் குரல், பக்கத்தில் விமானம், பக்கத்தில் விமானம் என்று உணர்ச்சியே இல்லாமல் சொன்னது. உடனே, மேலே ஏறு, மேலே ஏறு என்றது. மோதுகிற நிலைமை வந்தால் கடைசி நேரத்தில் விமானமே போடும் கூச்சல் அது. நாற்காலி இழுபடும் சத்தம். "ஐயோ" என்று ஒரு குரல், யாருடையது என்று தெரியவில்லை. பிறகு டக்கென்று எல்லாம் நின்றது. மாப்பிள்ளை கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும், பொத்தான் விடுபட்டுவிட்டது.

அலைவரிசை காலியாக இருந்தது. இப்போது அவள் பேசலாம். அதற்கு முன்னால் திரையைப் பார்த்தாள். திரையில் ஒன்றாய்க் கிடந்த எண்கள் மெதுவாக விலகின. ஒன்று ஏழாயிரத்து எழுநூறு, ஏறுகிறது. இன்னொன்று ஆறாயிரத்து முந்நூறு, இறங்குகிறது. நடுவில் ஒரு மைலுக்குக் கொஞ்சம் அதிகம். இரண்டு புள்ளிகளும் இருந்தன. இரண்டுமே இருந்தன.

"மேடம்" என்றார் மாப்பிள்ளை. அந்தக் குரலில் ராகம் இல்லை. "மெஷின் சொல்லி ஏறிட்டு இருக்கோம். நீங்க எங்களுக்கு என்ன உயரம் கொடுத்தீங்க?"

"எட்டாயிரம்."

"எட்டாயிரம்" என்றார் அவர், சாதாரணமாக, எல்லோரும் சொல்வது போல.

வேறு ஆள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த மாதிரி நடந்தால் உடனே எழுந்துவிட வேண்டும், அது விதி. இன்சார்ஜ் அவளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு போன், ஒரு கட்டு படிவம். கதவைச் சாத்திக்கொண்டு அலைவரிசையில் பேசியதன் ஒலிப்பதிவை அவரே ஒரு தடவை போட்டுக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் தெளிந்தது.

"நீ பொழச்சேம்மா" என்றார். "எட்டாயிரம்னு நீ சொன்னது தெளிவா இருக்கு. கேட்டுடட்டுமான்னு அந்தப் புள்ள கேக்குது, இவர் வேண்டாங்கறார். அவர் வாயாலேயே மாட்டிக்கிட்டார். இனி அவர் ஓட்டுன மாதிரிதான். நீ நடந்தத மட்டும் எழுது, நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன்."

"அதுக்கு முன்னாடி ஒரு கீச்சு இருக்கு சார்."

"ஆமா. ரெண்டு பேர் ஒண்ணாப் பேசியிருக்காங்க. அது யார் தப்பும் இல்ல."

"கீச்சுக்கு அப்புறம் எவ்வளவு நேரம் யாரும் பேசல? பாருங்க."

அவர் பார்த்தார். "ஒம்பது செகண்டு. அதுல ஒண்ணும் இல்லையே."

"அதுல நான் கேட்டிருக்கணும் சார். அவர் பதில் எனக்கு விளங்கல. விளங்கலன்னு அப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தேன்."

இன்சார்ஜ் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. "அது உன் மனசுல இருக்கறது. டேப்புல இல்ல. கீச்சுல உனக்கு என்ன காதுல விழுந்துதுன்னு எவனும் நிரூபிக்க முடியாது. இந்த வேலைக்கு நம்மகிட்ட இருக்கறதே பதினாலு பேர். இத எழுதினா உன்னைத் திரும்ப அந்த சீட்ல உக்கார விடுவாங்கன்னு நெனைக்கிறியா? பதினெட்டு வருஷ சர்வீஸ்மா. யோசிச்சு எழுது. எழுதாமலும் இருக்கலாம்."

அவர் படிவத்தையும் பேனாவையும் வைத்துவிட்டு வெளியே போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அவள் யோசித்தாள். யோசிக்காமல் என்ன? வீட்டுக் கடன் நினைவுக்கு வந்தது. மகளிடம் என்ன சொல்வது என்று நினைத்தாள். அந்த ஆள் மீது இன்னமும் கோபம் இருந்தது, அதுதான் வேடிக்கை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்னவாம்? கிரீடம் இறங்கிவிடுமா? உடனே, தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டவருக்குத் தான் என்ன செய்தோம் என்பதும் வந்து எதிரே நின்றது. தப்பு என்றால் அந்தம்மா சும்மா விட்டிருக்குமா என்று அந்த மனிதர் நம்பியிருந்தார். ஊரிலேயே கறாரான ஆள் என்று அவள் பெயரெடுத்திருந்ததால், அந்த ஒன்பது விநாடி அவள் வாய் திறக்காததையே அவர் சரி என்ற பதிலாக எடுத்துக்கொண்டிருந்தார். படிவத்தை இழுத்துக்கொண்டாள். எழுதினாள். அந்தப் பக்கம் போதாமல் பின்பக்கமும் எழுதினாள்.

போன் அடித்தது. இன்சார்ஜ் கதவைத் திறந்து எட்டிப்பார்த்து, எடுக்காதே என்று கையை ஆட்டினார். தரையிறங்கிய கேப்டன்கள் பேசுகிற நம்பர் அது. அதில் பேசுவதும் பதிவாகும். அவள் எடுத்தாள்.

"இறங்கினதும் பேசச் சொன்னாங்க" என்றார் மாப்பிள்ளை. பின்னால் பெட்டிகள் உருளும் சத்தம், மனிதர்கள் பேசிக்கொண்டு போகும் சத்தம். நூற்று நாற்பது பேரும் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். "யாரு பேசறது?"

"நான்தான்."

பின்னால் கேட்ட சத்தம் தேய்ந்தது, அவர் ஒதுங்கிப் போயிருக்க வேண்டும். பிறகு, "மைக் திறந்து கெடந்ததுன்னு இப்பதான் சொன்னாங்க. நான் பேசினது எல்லாம்..."

"கேட்டுது சார். எல்லாம்."

"ம்." அந்தப் பழைய முறுக்கைத் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. "இதையும் எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"எழுதுங்க. எழுத வேண்டியதுதான்" என்றார் அவர். இருபது வருஷத்தையும் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டவரின் குரல் அது. "எத்தனை வரி?"

"ரெண்டு பக்கம் சார்" என்றாள் அவள். "உங்களப் பத்தி இல்ல. என்னைப் பத்தி."

கதவருகில் இன்சார்ஜ் தலையில் கைவைத்துக்கொண்டார். மறுமுனையில் மாப்பிள்ளை போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.